சித்தப்பாவின் இடது காது

ஹம்சிகா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து சித்தப்பாவின் வலது பக்கத்தில் போட்டாள். அவர்கள் சுவிஸிலிருந்து வந்திறங்கிய அன்று மதியச் சாப்பாட்டு நேரம்.

"அப்பாவுக்கு இடது காது கேக்காது, பெரியம்மா. வீட்டில நாங்கள் எப்பவும் இந்தப் பக்கம்தான் இருக்கிறனாங்கள்" என்று என் அம்மாவிடம் சொன்னாள்.

நான் என் அப்பாவின் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் என் இடம். என் அப்பாவுக்கும் இடது காது கேட்காது.

அம்மா ஹம்சிகாவின் தட்டில் இன்னொரு கோழித் துண்டை வைத்தாள். "சாப்பிடும்மா, ஆறிடப்போகுது." அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சித்தப்பா தண்ணீர் குடித்தார். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். அதை நான் ஒருத்திதான் கவனித்தேன் போலிருந்தது.

அப்பாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காதில் சீழ் பிடித்தது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா நாட்டை விட்டுப் போனபோது நான் பிறக்கவில்லை. அவரை நான் பார்ப்பது இதுவே முதல் தடவை. தொலைபேசியில் பேசும்போது ஒருவருக்கு எந்தக் காது கேட்காது என்று யாருக்குத் தெரியும்?

நான் உயிரியல் படித்தவள். பட்டம் வாங்கிவிட்டு, அரசாங்க வேலைக்குக் காத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். படித்த புத்தி எங்கே போகும்? பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம் என்று நினைத்தேன். அன்று மாலை அம்மாவின் பழைய கைக்கடிகாரத்தை என் இடது காதில் வைத்துப் பார்த்தேன். டிக் டிக் என்று நன்றாகவே கேட்டது. அடுத்த அறையில் ஹம்சிகா தன் அப்பாவோடு பேசிச் சிரிப்பதும் நன்றாகவே கேட்டது.

அடுத்த அறை என்பது என் அறை. அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் அம்மாவோடு கீழே பாய் விரித்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு மேல் படுத்திருந்தால் என்னைத் திட்டும் அம்மா, அவள் தூங்கும் நேரத்தில் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். "ஜீவராஜு மகளா? அச்சு வெள்ளக்காரியாட்டமே இருக்கா. ஏன் அனுஷியா, நீயும் கொஞ்சம் இப்படி நிமிந்து நடந்தா என்ன?" என்றாள் ஒருத்தி. நான் தேத்தண்ணீர் ஊற்ற உள்ளே போனேன்.

அதெல்லாம் எனக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது. அவளுக்கு வேலை இருந்தது, கடவுச்சீட்டு இருந்தது, என்ன சொன்னாலும் சிரிக்கிற ஒரு தைரியம் இருந்தது. இருக்கட்டும். பொறுக்க முடியாதது வேறு. அவள் தன் அப்பாவிடம் எதையும் கேட்டாள். "அப்பா, அது என்ன மரம்? நீங்கள் அதில ஏறினனீங்களா? விழுந்தனீங்களா? ஆர் தூக்கினது?" சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எங்கள் றத்தோட்டை ரோட்டில் அவர் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். அவர் கதை சொல்லச் சொல்ல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள், கல் தடுக்குவதுகூடத் தெரியாமல்.

என் அப்பா பதுர்தீன் நானாவின் மிளகுக் கடையில் வேலை செய்கிறார். வந்ததும் கால் கழுவுவார், செய்தி பார்ப்பார், படுத்துவிடுவார்.

"இன்னைக்குக் கடையில கூட்டமாப்பா?"

"ம்."

எங்கள் உரையாடல் இவ்வளவுதான். இதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை டவுனுக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அப்பாவும் சித்தப்பாவும் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போயிருந்தார்கள். நானும் ஹம்சிகாவும் வாசலருகே நிழலில் நின்றோம்.

"அக்கா, நீங்கள் இந்தக் கதையைச் சின்னனில இருந்தே கேட்டிருப்பீங்கள் என்ன?" என்றாள்.

"எந்தக் கதை?"

"அப்பா உள்ள இருந்த கதை."

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு அது போதும். சொல்லத் தொடங்கிவிட்டாள். அவளுடைய தமிழ் அவள் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. அவளுடைய அப்பா கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். ஒரு சோதனைச் சாவடியில் இறக்குகிறார்கள். சண்டை நடக்கும் வடக்கில், வவுனியாவில் ஒரு மாமா இருக்கிறார் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், உள்ளே. ஒரு வருடத்துக்கு மேல். இடது காதோடு சேர்த்து அடித்த ஓர் அடியில் காது போய்விடுகிறது. ஜன்னல் கூரையோடு ஒட்டி இருக்கும், அதில் வானம் தெரியாது, எதிர்ச்சுவர்தான் தெரியும். கதவு பச்சை நிறம்.

அவள் அழவில்லை. பலமுறை சொல்லிப் பழகியவள் போல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஜெர்மன் மொழியில் மேடையேறிச் சொன்னாளாம். ஆசிரியை அழுதாராம்.

"பயம் வந்தால் அப்பா என்ன செய்வார் தெரியுமோ? மாத்தளை பஸ் ஸ்டாண்டில இருந்து வீட்டுக்கு வாற வழியில பஸ் நிக்கிற ஒவ்வொரு இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். வீடு வந்ததும் திரும்ப முதல்ல இருந்து. எங்களையும் அப்பிடிச் சொல்லித்தான் நித்திரையாக்கிறவர். எனக்குப் பாடம், அக்கா." அவள் விரல் மடித்துச் சொன்னாள். "பாலத்தடி, அரிசி மில், தபால் கந்தோர், பள்ளிவாசல் வளைவு, சவுக்கு மரம்..."

எனக்குக் கோயில் மணி கேட்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் அப்பாவை மாதா மாதம் கிளினிக்குக் கூட்டிப்போவது நான்தான். தாதி அவர் கையில் துணியைச் சுற்றி பிரஷர் பார்க்கத் தொடங்கியதும் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். உதடு அசையும். ஒருமுறை குனிந்து கேட்டிருக்கிறேன். பாலத்தடி, அரிசி மில், தபால் கந்தோர். என்னப்பா என்று கேட்டதற்கு, "ஒன்னுமில்ல, மனசு ஓடாம இருக்க" என்றார். எங்கள் ரோட்டில் அரிசி மில் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே இடித்துவிட்டார்கள்.

ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்கு ஒரே பாதை மனப்பாடமாக இருக்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் முன்னறைச் சுவரைப் பார்த்தேன். அங்கே வெறும் ஆணி இருந்தது. பள்ளிக்கூடச் சீருடையில் சித்தப்பா கேடயம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் எப்போதும் அந்த ஆணியில்தான் தொங்கும். கேடயத்தில் 1998 என்று எழுதியிருக்கும். அவர்கள் வருவதற்கு முதல் நாள் அம்மா அதைக் கழற்றினாள். தூசு பிடித்திருக்கிறது என்றாள். நான் நம்பினேன்.

அம்மா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தோட்டத்துப் பக்கம் போயிருந்தார்கள்.

"அம்மா, உள்ள இருந்தது யாரு?"

எந்த உள்ளே என்று அவள் கேட்கவில்லை. துருவல் நின்றது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"ஹம்சிகா."

"அவ என்ன சொன்னாளோ அதுதான்."

"அப்பாவா, சித்தப்பாவா?"

"மெதுவா பேசு டீ." எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் துருவத் தொடங்கினாள். துருவிக்கொண்டேதான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்க அப்பாதான். வெளிய விட்ட பொறவு ஒன் சித்தப்பன தேடி வந்தாங்க. அண்ணனுக்குச் சோறு கொண்டுபோய் அங்க வாசல்ல நின்னு நின்னு இவன் மொகம் பழகிப்போச்சு அவங்களுக்கு. யாரு, எங்க படிக்கிறான், எதுக்கு இம்புட்டுத் தடவ வந்தான்னு. ஒருக்கா வந்தாங்க. மறுக்காவும் வந்தாங்க. இனி வந்தா கொண்டுபோயிருவாங்கன்னு அத்த இருந்ததெல்லாம் வித்து, வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன் ஒருத்தனப் புடிச்சாங்க. அவன் கேட்டான், ஒன் கேஸு என்னன்னு. இவன் சொன்னான், வாசல்ல நின்னேன்னு. அவன் சிரிச்சானாம். வாசல்ல நின்னதுக்கெல்லாம் எந்த நாட்டுக்காரன்டா எடம் குடுப்பான்னு."

"அதுக்கு அப்பாவோடதக் களவெடுத்துக்கிட்டாரா?"

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "வாயக் கழுவு. களவு இல்ல. ஒங்க அப்பா கூப்பிட்டு ஒக்கார வச்சுக் குடுத்தது."

அப்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தானாம். சாயந்தரமானால் அண்ணன் தம்பியை எதிரில் உட்காரவைத்துக் கேட்பாராம். ஜன்னல் எந்தப் பக்கம்? கதவு என்ன நிறம்? காலையில் என்ன கொடுத்தார்கள்? தடுமாறினால் மறுபடியும். பிறகு காது.

"தோட்டத்து ரோட்டுல ரெண்டு பேரும் நடப்பாங்க. ஒங்க அப்பா இவனுக்கு எடது பக்கமா நடந்துக்கிட்டே தம்பி, தம்பின்னு கூப்பிடுவாரு. திரும்பினா மண்டையில ஒரு கொட்டு. பின்னாடி நின்னு கூப்பிடுவாரு, தட்டத் தட்டுவாரு, கல்லத் தூக்கிப் போடுவாரு. எனக்குச் சிரிப்பா வரும். ஒரு நாளு என்ன செஞ்சும் இவன் திரும்பல. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல."

"எனக்கு ஏன்மா சொல்லல?"

"சொன்னா நீ ஸ்கூல்ல போய்ச் சொல்லுவ. ஒரே கதைய ரெண்டு பேரு சொன்னா ரெண்டும் பொய்யாயிரும்னு அந்த ஏஜென்சிக்காரன் சொல்லிட்டுப் போனான். அதோட ஒங்க அப்பா நிறுத்திட்டாரு. எங்கிட்டக்கூடப் பேசுறதில்ல."

"இப்ப நான் ஸ்கூல் போறேனா?"

"இப்ப அவருக்குப் பழகிப்போச்சு." தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். "இங்க பாரு. அந்தப் புள்ளைக்கு ஒன்னும் தெரியாது. அவங்க அப்பனுக்கு அங்க நாடு குடுத்தது இதுக்குத்தான். நீ ஏதாச்சும் ஒளறி வைக்காத."

அப்பா செய்தது பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சித்தப்பாவின் உயிர் பயம் பொய்யில்லை என்பதும் புரிந்தது. ஆனால் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். என் அப்பா ஒரு பச்சைக் கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிச் சொன்ன இடங்களைக் கேட்டுக்கொண்டு அவள் தூங்கியிருக்கிறாள். அவள் மேடையேறி அழவைத்தது என் அப்பாவின் அடியை வைத்து. எனக்குக் கிடைத்தது காய்ச்சலும் சீழும்.

மறுநாள் சித்தப்பா முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். பிறகு போகவில்லை. அவருக்கு இடது பக்கமாக, கண்ணில் படாத தூரத்தில் நின்றேன்.

"சித்தப்பா" என்றேன், மெதுவாக.

திரும்பவில்லை.

"சித்தப்பா, தேத்தண்ணி ஆறுது."

அவர் எதிரே இருந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் கம்பி ஒட்டி மூளையின் அலையைப் பார்த்தால் இப்படி ஏமாற்ற முடியாது என்று நான் படித்திருக்கிறேன். சுவிஸில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை போலும். அல்லது பார்த்தும் விட்டுவிட்டார்களோ என்னவோ.

"அரிசி மில்" என்றேன்.

அவர் தலை அசையவில்லை. கோப்பையை நோக்கிப் போன கை மட்டும் பாதியில் நின்றது. பிறகு கோப்பையை எடுத்துக் குடித்தார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் காதை அவர் அவ்வளவு வருடம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில், சமையல் வேலை செய்யும் ஹோட்டலில், பிள்ளை பிறந்து முதன்முதலில் அழுதபோது. எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசை. இருக்கவில்லை. கழற்றிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

அவர்கள் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஹம்சிகா ஒரு காரியம் தொடங்கினாள். தன் அப்பா உள்ளே இருந்த கதை தனக்குத் தெரியும், வெளியே இருந்தவர்களின் கதை தெரியாது. அதைப் பெரியப்பா சொல்ல வேண்டும், தொலைபேசியில் பதிவு செய்யப்போவதாகச் சொன்னாள். "எனக்குப் பிள்ளையள் பிறந்தால் காட்டத்தான்."

அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். உள்ள இருந்தது எங்க அப்பா. அவ்வளவுதான். கல்லூரியில் நான் வகுப்பில் எழுந்து ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இதைக் கேட்கவும் தேவையில்லை, சொன்னால் போதும். அப்பா வெளியே நின்றதாக வாயைத் திறந்து சொன்னால், அந்த நிமிடமே சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்தேன்.

முன்னறையில் நாற்காலிகள் போட்டோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். ஹம்சிகா தொலைபேசியை ஒரு கிளாசில் சாய்த்து நிறுத்தினாள்.

"பெரியப்பா, அப்பா உள்ள இருக்கேக்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"அது என்னத்துக்கு மகள் இப்ப?" என்றார் சித்தப்பா. "அண்ணனுக்குக் கடைக்குப் போகோணும்."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம" என்றார் அப்பா. "இருக்கட்டும் தம்பி. புள்ள கேக்குதில்ல."

அப்பா தொண்டையைச் செருமினார்.

"சனிக்கெழம சனிக்கெழம போறது. அம்மா இருட்டோட எந்திரிச்சு சோறாக்குவாங்க. வாழ எலையில கட்டி, மேல பேப்பரச் சுத்தி, மடியில வச்சிக்கிட்டே பஸ்ல போறது. கருவாட்டு வாசனைக்குப் பக்கத்துல இருக்கிறவன் மூஞ்சியத் திருப்பிக்குவான். அங்க எறங்கினா வாசல்ல ஒரு மரங்கூடக் கெடையாது, நல்ல வெயிலு. எல்லாம் அம்மாமாருங்க. ஆம்பளப் பய ஒருத்தன்தான். போடா, ஒன்னையும் புடிச்சுப் போட்ருவாங்கன்னு அந்தப் பொம்பளைங்க வெரட்டுவாங்க. கொடையால அடிக்கக்கூட வந்தா ஒருத்தி. போகல."

"பயமில்லையா பெரியப்பா?"

"பயந்தான். பார்சல வாங்கிக்கிட்டாங்கன்னா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். அதப் பாக்காம எப்படி வர்றது? ஒருக்கா வாங்கல. ஏன்னு கேட்டா போன்னுட்டான். அந்தச் சோத்தோட வீட்டுக்குப் போக முடியுமா? அம்மா செத்தே போயிருவாங்க. பஸ் ஸ்டாண்டுல ஒரு நாய்க்குப் பிரிச்சு வச்சாச்சு. வாங்கிக்கிட்டாங்கம்மான்னு வந்து சொன்னது. அடுத்த சனிக்கெழம வரைக்கும் அந்தப் பொய்ய வச்சிக்கிட்டு ஸ்கூ... வேலைக்குப் போனது."

சித்தப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தத் தோட்டத்து ரோட்டில் கொடுத்தது அண்ணன் மட்டுமல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தம்பியும் தன் சனிக்கிழமைகளை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா அவற்றை ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறார்.

ஹம்சிகா அவர் முதுகைத் தடவினாள். "அப்பா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது மகள்" என்றார் சித்தப்பா, கைகளுக்குள்ளிருந்து.

அவரைப் பார்க்க எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான். என் அப்பா ஒரு வருடம் முழுக்க என்னோடு பேசியதைவிட அதிகமாக அந்தத் தொலைபேசியோடு பேசிவிட்டார். அதை நாளை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். உள்ளே இருந்ததும் அவளுக்கு, வெளியே நின்றதும் அவளுக்கு.

"அப்பா" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். அவள் முகம் வெளுத்தது. அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காட்டவில்லை. நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது போல உட்கார்ந்திருந்தார்.

சொன்னால் அவள் அழுவாள். அவள் அழுதால் எல்லோரும் அவளைத்தான் தேற்றுவார்கள். என் அப்பா உட்பட. இதுதான் என் தலையில் ஓடியது. இதைவிட நல்ல காரணம் எதுவும் எனக்கு அப்போது இருக்கவில்லை.

"அந்தச் சோறு உள்ள போய்ச் சேர்றப்ப எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டேன்.

ஹம்சிகா சிரித்தாள். "அக்கா, அது பெரியப்பாவுக்கு எப்பிடித் தெரியும்? அப்பாவையெல்லோ கேக்கோணும்."

சித்தப்பா முகத்திலிருந்து கையை எடுத்தார். "சோறு..." என்று தொடங்கி நிறுத்தினார். ஜன்னல், கதவு, அடி எல்லாம் சொல்லிக்கொடுத்த அண்ணன், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த அதிகாரியும் சோற்றின் ருசியைக் கேட்கப்போவதில்லை என்று விட்டிருக்கலாம். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார்.

"கம்பியால குத்திப் பாப்பாங்க" என்றார் அப்பா, என்னிடம். "எலை கிழிஞ்சு கொழம்பெல்லாம் பேப்பர்ல எறங்கிரும். உப்பு கரிக்கும். வாயில வைக்க முடியாது."

சித்தப்பாவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா அழுதுக்கிட்டே போடுவாண்ணே. போட்டமான்னு மறந்துட்டு மறுபடி ஒரு கை அள்ளிப் போடுவா. நான் பக்கத்துல நின்னு கையப் புடிப்பேன், போதும்மா போதும்மான்னு..."

அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"நீங்கள் நிண்டனீங்களோ?" என்றாள் ஹம்சிகா. "நீங்கள் உள்ளயெல்லோ இருந்தனீங்கள்?"

கிளாசில் சாய்ந்திருந்த தொலைபேசியில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

"அத்த கையி எப்பவுமே அப்படித்தான் ஹம்சி" என்றாள் அம்மா, தட்டை மேசையில் வைத்தபடி. "அதுக்கு முந்தியும் அப்படித்தான் உப்பப் போடுவாங்க, பொறவும் அப்படித்தான். நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு வாயி திங்க முடியல. எடுத்துக்க, சீனி சரியான்னு பாரு."

ஹம்சிகா கோப்பையை எடுக்கவில்லை. தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் அப்பாவை. கடைசியாக என்னை, கொஞ்ச நேரம். அவளுக்கு என்ன விளங்கியது என்று எனக்கு இன்றும் தெரியாது. கையை நீட்டித் தொலைபேசியை நிறுத்தி, திரையைக் கீழே பார்க்க வைத்தாள்.

"அக்கா, நீங்கள் ஏன் அதைக் கேட்டனீங்கள்?"

"எனக்குத் தெரிஞ்சுக்கணும்" என்றேன். அது பொய்யில்லை.

அப்பா தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். நாற்காலியை இழுத்து என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். யாரும் கேட்காமலே தொடங்கினார்.

"எலையில ஒட்டின பருக்கையத்தான் அவன் மொதல்ல திம்பான். நல்ல சோத்தக் கடைசிக்கு வச்சிக்குவான். பக்கத்துல ஒரு பையன் இருந்தான், மன்னாருப் பக்கம். அவனுக்குச் சோறு கொண்டுவர யாருமில்ல. மொத நாளு அவனுக்குக் குடுக்கல. சுவத்தப் பாத்து ஒக்காந்து முழுசாத் தின்னுட்டான். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அடுத்த சனிக்கெழமதான் பாதி குடுத்தான்..."

தன்னையே அவன் என்று சொன்னாலும், தரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். சித்தப்பா வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இது அவருக்கும் புதிது.

"பெரியப்பா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் ஹம்சிகா. தொலைபேசியை எடுத்து அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். "நான் திரும்பப் போடுறன், ஒரு நிமிசம்."

அப்பா நிறுத்தவில்லை.